மற்றவர் போட்டால் பிளான் செல்லாது!

போன செவ்வாய்க்கிழமை நகைக்கு செக்கப் செய்யப் போயிருந்தேன்.

சிரிக்காதீர்கள். உண்மையாகவே அதற்குப் பெயர் செக்கப்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நகையைக் கடைக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். அவர்கள் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். கொக்கி சரியாக இருக்கிறதா, கல் ஆடுகிறதா, நூல் நைந்திருக்கிறதா... எல்லாம் பார்த்துவிட்டு ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். ஒரு முத்திரை விட்டுப்போனாலும் நகையோடு சேர்த்து வாங்கிய பராமரிப்பு பிளான் காலி. என் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நான் இத்தனை ஒழுங்காகப் போனதில்லை. என் டாக்டர் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

இந்த முறை போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சாத்தான்குளத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். 'மகளுக்கு நகை எடுக்கப் போகிறோம். பில் போடும் நேரத்தில் ப்ரொடெக்‌ஷன் பிளான் என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா? நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்.'

நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்! இந்த வார்த்தைக்கு மயங்காத பத்தி எழுத்தாளர் உண்டா? நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிட்டேன். ஆயுசில் பாதியை ஆங்கில டீச்சராகவே ஓட்டியவள் நான். கேள்வி கேட்பதென்றால் எனக்குக் கொண்டாட்டம்.

கூடவே ரோசலியும் வந்தாள்.

ரோசலியை உங்களுக்குத் தெரியாது. இத்தனை வருடம் எழுதியும் அவள் பெயரை இங்கே சொன்னதில்லை. தூத்துக்குடியில் எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் இடுப்பளவு காம்பவுண்டு சுவர் மட்டும்தான். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் முக்கால்வாசி நாள் கடலில். ரோசலியிடம் ஒரு கல் அட்டிகை இருக்கிறது. என்னிடம் ஒரு முத்து மாலை. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே பிளான். எனவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போய், கடையில் தரும் பாதாம் பாலைக் குடித்துவிட்டு, முத்திரை வாங்கிக்கொண்டு வருவோம்.

இரண்டாவது மாடி. சர்வீஸ் கவுண்டர். அங்கே இருந்த பெண் பொறுமைசாலி. நான் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நூல் இத்துப்போனா ஃப்ரீயா கோத்துத் தருவோம் மேடம். சின்னக் கல்லு விழுந்தா வெச்சுத் தருவோம். பாலிஷ் ஃப்ரீ. தொலைஞ்சு போனா, திருடு போனா இதுல வராது. வேற கடையில பத்தவெச்சிருந்தாலும் வராது."

நான் எழுதிக்கொண்டேன். ரோசலி என் தோளுக்குப் பின்னாலிருந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அதையும் எழுதிக்கிடுங்க டீச்சர். மத்த ஆளு போட்டா பிளான் போயிரும்லா? அதத்தான் முக்கியமா எழுதணும். தெரியாம எத்தனை பேரு குடுத்துட்டு நிக்காகளோ!"

என் பேனா நின்றுவிட்டது.

"எதும்மா?" என்றாள் கவுண்டர் பெண்.

"நம்ம நகைய மத்தவுக கழுத்துல போட்டா."

"அப்படியெல்லாம் இல்லம்மா. உங்க நகை. நீங்க யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். பில்லும் இந்த புக்கும் இருந்தாப் போதும்."

"இல்லம்மா, இருக்கு. புஸ்தகத்துல போட்டிருக்கு. டீச்சரே எனக்கு வாசிச்சுச் சொன்னாகளே..." சொல்லிக்கொண்டே ரோசலி என் பக்கம் திரும்பினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே குனிந்தேன். பேனா மூடி விழுந்துவிட்டதா என்று தேடினேன். மூடி என் கையில்தான் இருந்தது.

இனி மறைத்துப் பயனில்லை. சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், ரிட்டயர் ஆனபோது, என் சொந்தப் பணத்தில் எனக்கென்று நான் வாங்கிய முதல் நகை அந்த முத்து மாலை. மூன்று சரம். நடுவில் சின்னத் தங்கப் பூ. முத்துக்குளித்துறை என்று எங்கள் கடற்கரைக்கே பெயர். ஆனால் மாலையிலிருக்கும் முத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஹைதராபாத்திலிருந்து என்றார்கள். ரோசலி வீட்டு முன்னோர்கள் மூச்சடக்கி முத்தெடுத்தவர்கள். அந்த வம்சத்தில் ஒருத்தியும் ஒரு முத்தைக் கழுத்தில் போட்டதில்லை என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். மாலையைக் கொண்டுவந்து காட்டிய அன்று தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கை ஈரமாக இருக்கிறதாம்.

அடுத்த வருடம் அவள் மகள் ஜெனிக்குக் கல்யாணம். ஒரு சாயங்காலம் ரோசலி வீட்டுக்கே வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் பேசுகிறவள், அன்று வாசல் வழியாக வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியளே?"

"கேளு ரோசலி."

"ஜெனிக்குக் கோயில்ல வெள்ளைச் சேலைதான். அதுக்கு முத்துதான் எடுப்பா இருக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ. உங்க மாலைய அன்னைக்குக் காலையில மட்டும் தாரியளா? பூசை முடிஞ்சதும் நானே கழத்திக் கொண்டாந்திருதேன்."

இதில் என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்தில்தான் இரவல் நகை இல்லை? ஆரம் ஒரு வீடு, வளையல் ஒரு வீடு, ஒட்டியாணம் ஒரு வீடு என்று சேர்ந்துதான் ஒரு கல்யாணப் பெண் உருவாகிறாள். ஆல்பத்தைப் புரட்டினால் ஒரே நெக்லஸ் நாலு கல்யாணத்தில் சிரிக்கும்.

ஆனால் எனக்கு மனசு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்டுப் பார்க்கிறேன். முத்துக்கு வியர்வை ஆகாது, சென்ட் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் என் மனசில் ஓடியது அது இல்லை. 'இவர்கள் வீட்டு விசேஷம்... ஒரு கழுத்தில் நிற்குமா? போட்டோவுக்கென்று பத்துப் பெண்கள் போட்டுப் பார்ப்பார்கள். திரும்பி வரும்போது என்ன வாடை அடிக்குமோ...' இப்படித்தான் ஓடியது. நாசரேத்தில் மிஷன் பள்ளியில் படித்து, பிறகு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு 'அனைவரும் சமம்' என்று பாடம் நடத்தியவள் மனசில் ஓடியதைத்தான் சொல்கிறேன். இதை எழுத இப்போது கை கூசுகிறது. அன்று நினைக்கும்போது கூசவில்லை.

தர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கெட்ட பெயர். நல்ல பெயரோடு மறுக்க வேண்டும். அதற்கு என்ன வழி?

பிளான்!

பீரோவிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். ரோசலி தமிழ் பைபிளைத் தண்ணீர் பட்ட பாடாகப் படிப்பாள். ஆனால் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அவள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதம் எல்லாம் என் கண்ணாடி வழியாகத்தான் போகும். கணவரின் கப்பல் கம்பெனிக் கடிதம், ஜெனியின் காலேஜ் விண்ணப்பம், மெடிக்கல் இன்ஷூரன்ஸ், எல்லாமே. நான் வாசித்துச் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒரு வரியில் விரலை வைத்தேன். மெதுவாக வாசித்தேன். "பாரு... உரிமையாளரைத் தவிர வேறு நபர் அணிந்தால் இத்திட்டம் செல்லாது."

என் விரலுக்குக் கீழே இருந்த வாக்கியம் என்ன தெரியுமா? வேறு கடையில் பழுது பார்த்த நகைக்கு இத்திட்டம் பொருந்தாது. அவ்வளவுதான். வேறு கடையை வேறு நபராக மாற்ற எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மொழிபெயர்ப்பில் எனக்கு எப்போதும் நல்ல கை.

ரோசலி என்ன செய்திருக்க வேண்டும்? முகம் சுருங்கியிருக்க வேண்டும். அட, சந்தேகமாவது பட்டிருக்க வேண்டும். அவளோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"மாதாவே... நல்ல வேளை கேட்டேன்! தெரியாம வாங்கிட்டுப் போயிருந்தா உங்க பிளான் போயிருக்கும்லா? என்னால உங்களுக்கு நட்டம் வந்திருக்குமே டீச்சர்."

மன்னிப்புக் கேட்டாள். அவள் என்னிடம்! கல்யாணத்தன்று ஜெனி பஜாரில் வாங்கிய இமிட்டேஷன் முத்து போட்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தாள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் முத்து மாலையோடு.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இது பாதி உண்மையாகிவிடும். அதற்கும் சில வருடம் முன்பு, என் மகளைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து திடீரென்று வருகிறோம் என்றார்கள். நாளைக் காலை வருகிறார்கள். நகையெல்லாம் பேங்க் லாக்கரில். பேங்க்குக்கு இரண்டு நாள் லீவு. நான் வீட்டுக்குள்ளே புலம்பிக்கொண்டிருந்தது சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. அரை மணி நேரத்தில் ரோசலி ஒரு டிபன் டப்பாவோடு வந்தாள். உள்ளே அவளுடைய ஆரம், நாலு வளையல், கழுத்தில் கிடந்த செயின். தாலியும் கம்மலும்தான் மிச்சம். நான் கேட்கவில்லை. கேட்கவிடவும் இல்லை. "பிள்ளைக்குப் போட்டு விடுங்க டீச்சர், நேரம் ஆகுதுல்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த இடம்தான் முடிந்தது. மருமகன் இன்றும் அந்த ஆரம் எங்கள் வீட்டு நகை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சரி... மறுபடி கவுண்டருக்கு வருவோம். நான் குனிந்து மூடி தேடிக்கொண்டிருக்கிறேன். ரோசலி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. ஒரு கணக்கைப் போட்டு விடை வந்த மாதிரி ஒரு முகம். அவ்வளவுதான்; உடனே கவுண்டர் பக்கம் திரும்பிவிட்டாள்.

"முன்னால அப்படி ரூல் இருந்திருக்கும். இப்ப மாத்திருப்பாக."

கவுண்டர் பெண் சும்மா இருந்திருக்கக் கூடாதா? கடமை தவறாதவள். "இல்லம்மா. பிளான் ஆரம்பிச்சதுல இருந்து நான்தான் இந்த கவுண்டர்ல இருக்கேன். அப்படி ஒரு ரூல் எப்பவுமே இல்ல. யாரு உங்களுக்கு அப்படிச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா," என்றாள் ரோசலி. "எனக்குத்தான் தப்பா விளங்கியிருக்கும். நான் படிக்காதவ."

எத்தனையோ மேடைகளில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். யாரும் என் மானத்தை இப்படிப் போர்த்தியதில்லை. அவள் படிக்காதவள் ஆனாள், நான் டீச்சராகவே இருந்தேன். நான் வாயைத் திறந்து, 'நான்தான் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு புத்தகத்திலும் முத்திரை விழுந்தது. பாதாம் பால் வந்தது. குடித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டோவில் திரும்பினோம். பழைய துறைமுகம் பக்கம் உப்பு லாரிகள் வரிசையாக நின்று வழி அடைத்துவிட்டன. ஆட்டோ நின்றது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ரோசலி... அந்த மாலையை எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ. உன் வீட்டுல எந்த விசேஷம்னாலும்..."

"இனிம எதுக்கு டீச்சர்?"

வெளியே பார்த்தபடியே மேலும் சொன்னாள். "மாலை போகட்டும். தர மனசில்லன்னு நீங்க சொல்லியிருந்தா நான் ஒரு நாள் மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். மறுநா சரியாயிருப்பேன். நீங்க புஸ்தகத்துல போட்டிருக்குன்னு சொன்னிய பாருங்க... அத நம்பி நான் பிலோமிய அனுப்பிட்டேனே."

பிலோமி என்கிற பிலோமினா, ரோசலியின் ஒரே தங்கை. புன்னைக்காயலில் வாழ்க்கைப்பட்டவள். அக்கா தங்கை இருவருக்கும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் தெரியாது. அதை ஆட்டோவில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

பிலோமி மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது, அக்காவின் கல் அட்டிகையை ஒரு நாளைக்குக் கேட்டிருக்கிறாள். ரோசலி கொடுக்கவில்லை. பிளான் போய்விடும், டீச்சர் வாசித்துச் சொன்னார்கள் என்று புத்தகத்தை எடுத்துக் காட்டியிருக்கிறாள். "கூடப்பொறந்தவ மக கழுத்துல ஏறினா அட்டிகை தேஞ்சா போயிரும்?" என்று கேட்டுவிட்டுப் பிலோமி திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறாள். கல்யாணத்துக்கு ரோசலி போனாள். கோயிலுக்குப் புறப்படும் முன்னால் பெண்ணின் நெற்றியில் பெரியம்மா சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டும். அது அவர்கள் குடும்பத்தில் விடாத வழக்கம். அந்த நேரத்தில் பிலோமி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சிலுவை போடச் சொல்லியிருக்கிறாள். ரோசலி கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள்.

அட்டிகை மேல் அவளுக்கு அத்தனை ஆசையா? இல்லை. தன் மகளுக்கென்று டீச்சரிடம் கேட்டபோது ரூல் என்றால் ரூல்தான் என்று பணிந்தவள், தங்கைக்காக மட்டும் அந்த ரூலை மீறுவது நியாயமில்லை என்று நினைத்திருக்கிறாள். நான் சொன்ன பொய்க்கு என்னைவிட அவள்தான் உண்மையாக இருந்திருக்கிறாள்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நீங்கள் மறந்திருக்கலாம், எனக்கு ஆட்டோவிலேயே நினைவுக்கு வந்துவிட்டது. போன வருடம் இந்தப் பக்கத்தில் உடன்பிறப்புகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 'எனக்குத் தெரிந்த இரண்டு சகோதரிகள், ஏதோ அற்ப விஷயத்துக்காக முகம் பார்ப்பதில்லை. விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?' என்று உருகி உருகி எழுதியிருந்தேன். நீங்களும் கண்ணீர் வந்தது என்றெல்லாம் பாராட்டினீர்கள். அந்த அற்ப விஷயம் நான்தான். அது தெரியாமலே அதை வைத்து ஒரு வாரப் பத்தியை ஓட்டியிருக்கிறேன்.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம் டீச்சர்," என்றாள் ரோசலி, வீட்டு வாசலில் இறங்கும்போது. "அவட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா இப்ப நம்ப மாட்டா."

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நான் என்ன செய்தேன்? சாத்தான்குளம் வாசகிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பயனுள்ள கட்டுரை எழுதினால் மனசு கொஞ்சம் ஆறும் என்று ஒரு நப்பாசை. எழுதியதை வீணாக்குவானேன்... இதோ.

கல் இல்லாத வெறும் செயின், வளையல் என்றால் இந்த பிளான் தேவையே இல்லை. விழுவதற்கு அதில் என்ன இருக்கிறது? பொடிக் கல் வைத்த நகை, முத்துக் கோத்த நகை என்றால் வாங்கலாம். ஆனால் கடை உங்கள் ஊரிலேயே இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முத்திரைக்காக சாத்தான்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு நாளைத் தொலைப்பீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். திருட்டுக்கும் தொலைவதற்கும் இது கைகொடுக்காது. அது வேறு இன்ஷூரன்ஸ். கடைக்காரர் வாயால் சொல்வதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் தெரியாது என்றால் தெரிந்தவரை வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவரை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள். அந்த ஒருவர் டீச்சராக இருந்தால் மூன்று பேரிடம்.

இப்படி முடித்து, படித்துப் பார்த்தேன். சாமர்த்தியமாகத்தான் இருந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் நீங்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். ரோசலி தமிழில் எல்லாவற்றையும் படிப்பாள். இந்தப் பத்தியையும் வாராவாரம் படிக்கிறாள். அனுப்பவில்லை.

சனிக்கிழமை காலை இருவரும் பஸ் ஏறினோம். ஆத்தூரில் மாறி, புன்னைக்காயலில் இறங்கும் வரை நான் என் வாக்கியங்களை மனசுக்குள் கோத்துக்கொண்டே வந்தேன்.

பிலோமி வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. மறுபடி உருவ ஆரம்பித்தாள்.

"வாங்க டீச்சர். உக்காருங்க," என்றாள் என்னிடம் மட்டும்.

நான் உட்கார்ந்தேன். ரோசலி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன்! அன்று கோத்து வைத்த வாக்கியம் கோணலாகத்தான் வந்தது. "அந்த அட்டிகை விஷயத்துல... ஒரு சின்னப் புரிதல் குறைபாடு பிலோமி... நான் அந்தப் புத்தகத்தை ரோசலிக்கு வாசிச்சுச் சொன்னப்போ, ஒரு வரியில..."

பிலோமி கீரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"தப்பா வாசிச்சியளா டீச்சர், பொய்யா வாசிச்சியளா?"

இத்தனை நேரடியாக என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தப்பாக வாசித்துவிட்டேன் என்றால் முடிந்தது. வயசாகிவிட்டது, பொடி எழுத்து, கண்ணாடி பவர் மாற்ற வேண்டும்... எல்லாம் நம்புகிற மாதிரியே இருந்தது. ரோசலியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்படிச் சொன்னால் அதையும் அவள் ஆமோதித்திருப்பாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

"பொய்யா," என்றேன்.

"எதுக்கு?"

"என் மாலைய ஜெனிக்குக் குடுக்க எனக்கு மனசில்ல. மனசில்லன்னு சொல்ல தைரியமும் இல்ல. உங்க அக்கா அதை நம்பிட்டா. நம்பினதாலதான் உங்களுக்கும் குடுக்கல. அவ மேல தப்பே கிடையாது."

பிலோமி கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். பிறகு தூணின் பக்கம் பார்த்தாள்.

"ஏன்க்கா... அப்ப நெசமாவே அந்த ரூலுக்குப் பயந்துதான் குடுக்கலையா? எனக்குக் குடுக்க மனசில்லாமத்தான் புஸ்தகத்தக் காட்டுதன்னுல்லா நினைச்சேன்."

ரோசலி தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து பாயில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, பாதிக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிலோமி தடுக்கவில்லை. கல்யாணத்தில் விட்டுப்போன சிலுவையை இனி யார் போட முடியும்? அதைப் பற்றி அவர்களும் பேசவில்லை. நான் எழுந்து கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன்.

"இருங்க டீச்சர். அந்தப் புஸ்தகம் இருக்கா?" என்றாள் பிலோமி.

ரோசலி பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதைப் பிலோமி என் மடியில் வைத்தாள்.

"இப்ப வாசிங்க. ஒரு வரி விடாம, உள்ளது உள்ளபடி."

வாசித்தேன். முதல் பக்கத்திலிருந்து. எவை இந்தத் திட்டத்தில் அடங்கும், எவை அடங்காது, பில் தொலைந்தால் என்ன செய்ய வேண்டும், வேறு கடையில் பழுது பார்த்தால் என்ன ஆகும்... எல்லாவற்றையும் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். முத்திரை வைக்கும் கட்டங்களுக்கு மேலே இருந்த வரியைக்கூட விடவில்லை. அக்காவும் தங்கையும் கீரையை உருவிக்கொண்டே கேட்டார்கள். என் வகுப்பில் இத்தனை அமைதியாக யாரும் இருந்ததில்லை. முடித்து, புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றினேன்.

"நல்லா வாசிக்கிய டீச்சர்," என்றாள் பிலோமி. அவள் குரலில் கேலி இல்லை, அதுதான் கொடுமை. "ஒரு தடங்கல் இல்ல. அன்னைக்கும் இப்படித்தான் வாசிச்சிருப்பிய."

ஆமாம். அன்றும் இதே குரல்தான்.